15 ஆம்ப் பிளக்கா, வால்பாக்ஸா, ரோட்டோர ஃபாஸ்ட் சார்ஜரா?

மின்சாரக் கார் வாங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் இருக்கிற 15 ஆம்ப் பிளக் போதுமா, சுவரில் பொருத்தும் வால்பாக்ஸ் என்ற சார்ஜரைத் தனியாக மாட்ட வேண்டுமா? 30 யூனிட் பேட்டரி வைத்த சின்னக் காரை இரண்டு வருடமாக ஓட்டுகிறவன் என்ற முறையில் என் பதில்: பெட்டிக்குச் செலவழிக்கும் முன் எர்த்துக்குச் செலவழியுங்கள்.

முதலில் கணக்கு. காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் 15 ஆம்ப் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் இழுக்கும். யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடும். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டரை மணி நேர சார்ஜ் போதும். ராத்திரி பத்து மணிக்குச் சொருகினால் ஒரு மணிக்குள் வேலை முடிந்துவிடும். 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் அதையே ஒரு மணி நேரத்தில் முடிக்கும். சரி, தூங்குகிறவருக்கு அதனால் என்ன லாபம்?

இதில் இன்னொரு சங்கதி. வால்பாக்ஸிலிருந்து வருவது ஏசி மின்சாரம். அதைப் பேட்டரிக்குத் தேவையான டிசியாக மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அது 3.3 கிலோவாட் என்றால், சுவரில் 7.2 மாட்டினாலும் 3.3தான் ஏறும். மேல்தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் அரை இஞ்ச்தானே. பெரிய பேட்டரி, தினம் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், வீட்டில் இரண்டு மின்சாரக் கார் என்று இருப்பவர்கள் வால்பாக்ஸ் வாங்கலாம். அப்போதும் வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு தாங்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆனால் வால்பாக்ஸ் ஒரு விஷயத்தில் ஜெயிக்கிறது. அதற்குத் தனி லைன், தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) போட்டுத்தான் மாட்டுவார்கள். 15 ஆம்ப் பிளக்கை அப்படி யாரும் மதிப்பதில்லை. கீசர் இருபது நிமிடம் ஓடி நின்றுவிடும். பேட்டரி காலியாக இருந்தால் கார் எட்டு மணி நேரத்துக்கு மேலும் விடாமல் இழுக்கும். சாக்கெட்டுக்குள் ஒரு திருகு லேசாகத் தளர்ந்திருந்தாலும் பிளாஸ்டிக் உருக ஆரம்பித்துவிடும். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மீட்டர் பெட்டியிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் தனியாக இழுத்து, நல்ல சாக்கெட், எம்சிபி, மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டுவிட்டால் வால்பாக்ஸின் பாதுகாப்பில் பெரும்பகுதி வந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

இப்போது எர்த். போன வருடம் ஏப்ரலில் ஒரு நாள் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு. கழற்றிச் சொருகினேன், மறுபடி சிவப்பு. கார்தான் போச்சு என்று நினைத்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் வந்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தார். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 18 காட்டியது. “கார்ல ஒண்ணும் இல்ல சார், குழி காஞ்சு கெடக்கு” என்றார். எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, துருப்பிடித்த கிளாம்பைச் சுரண்டி முடுக்கினார். விளக்கு பச்சையாகிவிட்டது. ஃபிரிட்ஜும் டிவியும் எர்த் இல்லாமலே ஓடிவிடும். காரின் சார்ஜர் சம்மதிக்காது.

சார்ஜ் ஏறாத கோளாறைக் கண்டுபிடிக்கவும் இந்த மூன்று வழிகளும் உதவும். உங்கள் வீட்டில் ஏறவில்லை, நண்பர் வீட்டில் அதே சார்ஜரில் ஏறுகிறது என்றால் தப்பு உங்கள் வயரிங்கில். எந்த வீட்டிலும் ஏறவில்லை, வால்பாக்ஸில் ஏறுகிறது என்றால் போர்ட்டபிள் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். ஏசியில் எங்கேயுமே ஏறாமல் ஃபாஸ்ட் சார்ஜரில் மட்டும் ஏறினால் ஆன்போர்டு சார்ஜர் பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏனென்றால் ஃபாஸ்ட் சார்ஜர் அதைத் தாண்டி நேரே பேட்டரிக்கு டிசி கொடுக்கிறது. சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் இதைச் செய்துபார்த்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஃபாஸ்ட் சார்ஜர் பயணத்துக்கு. சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். என் காருக்கு வழியில் இரண்டு நிறுத்தமாவது வேண்டும். 80 சதவீதத்தில் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துவிடும். கடைசி இருபதுக்காகக் காத்திருந்தால் பின்னால் நிற்கிறவர் முறைப்பார். சார்ஜ் ஏறும்போது முன்பக்கம் ஃபேன் ஹோவென்று கத்தும், காரின் ஏர்கண்டிஷனர் கம்ப்ரஸர் தானாக ஓடும். பேட்டரியைக் குளிர்விக்கிற சத்தம் அது. தொடங்கும்போதும் முடியும்போதும் வரும் ‘டக்’ உள்ளே பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் சேர்வதும் பிரிவதும்தான். பயப்பட ஒன்றுமில்லை.

விலை? தமிழ்நாட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை கைவிட்டுப் போகும். 1000-த்தைத் தாண்டிய பகுதிக்கு யூனிட் 11 ரூபாய்க்கு மேல். மாதம் 1200 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 350, 400 யூனிட் கூடும். பில்லைப் பார்த்து வீட்டில் முணுமுணுப்பு வரும். ஆனாலும் ரோட்டோர ஃபாஸ்ட் சார்ஜரில் பல இடங்களில் யூனிட் 20 ரூபாயை ஒட்டி வருவதால், அந்த உச்ச விலையிலும் வீடுதான் மலிவு.