கடைசி இரவுக்கு ஒரு நல்ல விடுதி: தஞ்சாவூரில் தங்கிப் பார்த்தது

நவக்கிரகத் தலங்களைச் சுற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் கும்பகோணத்தில் அறை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே எல்லாத் திசைக்கும் போய் வருகிறார்கள். அது சரியான ஏற்பாடுதான். விடியலில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவர்களுக்குச் சுத்தமான படுக்கையும் வெந்நீரும் கிடைத்தால் போதும். ஆனால் கடைசி இரவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அன்றைக்குத்தான் பெட்டி கட்ட வேண்டும், அழுக்குத் துணியையும் வாங்கிய சாமான்களையும் தரம் பிரிக்க வேண்டும், வயதானவர்கள் காலை நீட்டிப் படுக்க வேண்டும், மறுநாள் அதிகாலையில் ஒருவரும் பதறாமல் வண்டி ஏற வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா குடும்பத்தோடு மன்னார்குடியிலிருந்து நானும் சுற்றியதால், அந்த ஓர் இரவுக்கு மட்டும் கொஞ்சம் வசதியான விடுதியாகப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

விமானம் திருச்சியிலிருந்து என்பதால் திருச்சியிலேயே தங்கிவிடலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். நள்ளிரவிலோ விடிவதற்கு முன்போ விமானம் என்றால் நானும் அதையே சொல்வேன். எங்களுக்குக் காலை பத்து மணிக்கு மேல்தான் விமானம். தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஐந்தரைக்குக் கிளம்பினால் துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் நெரிசல் சேர்வதற்கு முன்பே கடந்துவிடலாம். மேலும், ஒன்பது தலங்களில் சந்திரனுக்குரிய திங்களூர் திருவையாற்றை ஒட்டி இருப்பதால், அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால் கும்பகோணத்தைக் காலையில் காலி செய்து, திங்களூர், திருவையாறு பார்த்து, அசோகா அல்வாவும் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் தஞ்சாவூர் சேர்ந்துவிடலாம். சாயங்காலம் நான்கு மணிக்குப் பெரிய கோயில் நடை திறக்கும்போது குளித்து முடித்துத் தயாராக இருக்கலாம். இந்த வரிசைக்கு ஈடான வசதி திருச்சியில் இல்லை.

அடுத்தது வாடகை. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் அறையின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதமும், அதைத் தாண்டினால் 18 சதவீதமும் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய் ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய் ஆகும். நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்துக்கு மேல் இழுத்துவிடுகிறது. ஆகவே கொஞ்சம் பெரிய அறை, கொஞ்சம் நல்ல அறை என்று வரவேற்பறையில் ஆசை காட்டும்போது, வரி சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுவது நல்லது.

தஞ்சாவூரில் விடுதி பார்க்கிறவர்கள் விலைக்கு முன்பே பார்க்க வேண்டியது நாட்காட்டியை. இங்குள்ள பெரிய விடுதிகள் பலவற்றில் விசேஷங்களுக்கு விடும் கூடமும் உண்டு. முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை வரவேற்பு நடந்தால், மெல்லிசைக் கச்சேரி முடிந்து ஒலிபெருக்கி அடங்கும் வரை தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். மின்தூக்கி முழுக்கப் பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக இருக்கும், வண்டி நிறுத்தவும் இடம் இருக்காது, விடியற்காலை நாலரைக்கு நாதஸ்வரம் வேறு. கல்யாண வீட்டாரைக் குறை சொல்வதற்கில்லை. அது அவர்கள் காசு கொடுத்து எடுத்த இடம். நாங்கள் தங்கிய நாளில் முகூர்த்தம் இல்லை என்பதைத் தினசரிக் காலண்டரில் பார்த்ததோடு, விடுதிக்கும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இணையத்தில் அந்த விடுதிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவர்களும் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களும் ஒருவேளை வெவ்வேறு நாட்களில் தங்கியவர்களாக மட்டுமே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விடுதி பெரிய கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. குறைகளும் எழுதப் போவதால் பெயரைச் சொல்லவில்லை. அறையில் முதலில் மனதுக்குப் பிடித்தது கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு பெட்டிகளை விரித்துப் போட்டுவிட்டு நடமாடக்கூடிய இடம். குளியலறைக்கு ஏறி இறங்கப் படி இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது, குழாய்க் குளியல் பிடிக்காத சித்திக்கு வாளியும் மக்கும் கேட்காமலே வைத்திருந்தார்கள். நாச்சியார்கோயிலில் வாங்கிய குத்துவிளக்கு இரண்டும் பித்தளை என்பதால், எந்தப் பெட்டி எவ்வளவு கனம் என்ற கவலை சித்தப்பாவுக்கு. எடை பார்க்க ஏதாவது கிடைக்குமா என்று கீழே கேட்டதற்கு, சமையற்கட்டுச் சாமான் அறையில் காய்கறி நிறுக்கும் மின்னணுத் தராசையே ஒரு பையன் தூக்கி வந்துவிட்டார். தட்டில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. அதைத் துண்டால் துடைத்துவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து எடையைத் தாளில் எழுதியும் கொடுத்தார். விடுதியின் விளம்பரத்தில் நீச்சல் குளம் பெரிதாக இருக்கிறது, இந்தப் பையன் இல்லை.

கோபுரம் தெரியும் அறை என்று தனி விலை சொன்னார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. 1010ஆம் ஆண்டில் ராஜராஜன் கட்டி முடித்த விமானத்தை அன்று மாலைதான் அருகிலேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருப்போம். அதன் பிறகு சன்னல் வழியாகப் பார்ப்பதற்குப் பணம் கொடுப்பானேன்? மொட்டை மாடிக்குப் போக எல்லோருக்கும் அனுமதி உண்டு. விளக்கொளியில் விமானம் அங்கிருந்து நன்றாகவே தெரிகிறது.

சாப்பாட்டில்தான் விடுதி சறுக்குகிறது. டெல்டாச் சமையல் என்று பெயர் போட்ட இரவு உணவில், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்து குழைந்து நிற்க வேண்டிய கடப்பா, நீர்த்த குருமாவாக இருந்தது. அறையில் மின்கெண்டிக்குப் பக்கத்தில் உடனடிக் காப்பித்தூள் பொட்டலம் வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊரான கும்பகோணத்தில் டிகிரி காப்பி குடித்துப் பழகிவிட்டு வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் அநியாயம். ஆனால் காலை உணவு ஏழரைக்குத்தான் என்று எழுதியிருந்தும், ஐந்தரைக்குக் கிளம்புகிறோம் என்று முந்தைய இரவே சொல்லி வைத்ததால், ஆளுக்கு நான்கு இட்லி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி இலையில் கட்டிக் கொடுத்தார்கள். விமான நிலையம் போய்ப் பிரித்தபோதும் இட்லி மெத்தென்றே இருந்தது.

கணக்கை இரவே முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் சீட்டில் நாங்கள் போடாத சலவைத் துணிக்கு ஒரு தொகை ஏறியிருந்தது. சொன்னவுடன் நீக்கினார்கள், ஆனால் அதற்குக் கணக்காளர் இருக்க வேண்டியிருந்தது, அவர் காலை எட்டு மணிக்குத்தான் வருவார். விமானத்துக்குப் பதிலாக, இரவு உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை போகிறவர்களுக்கு இந்த விடுதியைப் பரிந்துரைக்க மாட்டேன். காலி செய்யும் நேரம் பகல் பன்னிரண்டு மணி, அரை நாள் வாடகைக்கு அறை தருவதில்லை. அவர்களுக்கு ரயிலடிப் பக்கம் இருபத்து நான்கு மணி நேரக் கணக்கில் அறை கொடுக்கும் சாதாரண லாட்ஜே போதும்.