அஸ்தம்பட்டி தோட்ட வீடா, ஏற்காட்டுச் சரிவு பங்களாவா?

பழைய காலத்துப் பெரிய வீடு, சுற்றித் தோட்டம், கீழே வாடகைக்கு விட ஒரு போர்ஷன். சேலத்தில் இந்த மூன்றையும் கேட்டுத் தேடுகிறவர் கடைசியில் இரண்டு இடத்தில் வந்து நிற்பார். ஒன்று, அஸ்தம்பட்டி, மரவனேரி பக்கத்துக் காரை வீடு. இன்னொன்று, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி, ஏற்காட்டில் ஓடு வேய்ந்த பங்களா.

அழகு என்று பார்த்தால் ஏற்காட்டுக்கே என் ஓட்டு. 1820களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பி பயிரிட வைத்ததிலிருந்து தோட்டக்காரர்கள் கட்டிக்கொண்ட பாணி அது: நீள வராந்தா, குளிர்காயக் கணப்பு, வாசலிலேயே மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மே மாதம் கீழே 40 டிகிரி கொளுத்தும்போது மேலே ஏசிக்கு வேலையில்லை. சேலத்து வீடும் லேசுப்பட்டதல்ல. கனத்த சுண்ணாம்புக் காரைச் சுவரும், மர உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் ஒட்டுத் தளமும் பகல் வெயிலை நன்றாகவே தாங்கும். வாங்கிய சூட்டை ராத்திரி திருப்பித் தரும், அவ்வளவுதான். தோட்டத்தில் மாவும் தென்னையும் கிணறும் இருந்தால் அதுவும் பாதி குறையும்.

என்னைக் கேட்டால் முடிவு செய்யவேண்டியது கீழ்ப்போர்ஷனை வைத்து. நம் ஊர்ப் பழைய வீடுகளில் நிலவறை அபூர்வம். தரகர் ‘அண்டர்கிரவுண்ட் போர்ஷன்’ என்றால், மேலே மேலே தார் போட்டு ரோடு உயர்ந்ததால் பள்ளத்தில் இறங்கிப்போன கீழ்வீடாக இருக்கலாம். ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் நேரே உள்ளே வரும். வாசலில் ரோட்டுக்கும் நிலைப்படிக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏற்காட்டில் கதை வேறு. சரிவில் கட்டுவதால் முன்பக்கம் ரோட்டு மட்டத்தில் இருக்க, கீழ்த்தளம் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திறக்கிறது. தனி வாசல், வெளிச்சம், காற்று எல்லாம் உண்டு. வில்லங்கம் பின்சுவரில். அது மண்ணை முட்டுக்கொடுத்து நிற்கிறது. சுவருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் வடிய வாய்க்காலும் துளைகளும் இல்லாவிட்டால் ஓதம் ஏறும். பழைய கருங்கல் சுவரைச் சுண்ணாம்பு மூச்சுவிட வைத்திருக்கும். அதன்மேல் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

வாடகைக்குச் சேலத்தை அடிக்க முடியாது. ஆஸ்பத்திரி, கல்லூரி, கலெக்டர் ஆபீஸ் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். மலையில் போர்டிங் பள்ளி ஆசிரியர் குடும்பம் அமைந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் சனி ஞாயிறு டூரிஸ்டுகளுக்கு விடவேண்டும். அது வீடு வைத்திருப்பதல்ல, லாட்ஜ் நடத்துவது.

பத்திரத்திலும் இரண்டுக்கும் வேறு வேறு தலைவலி. டவுன் வீட்டில் வாரிசுகள் எல்லோரின் கையெழுத்தும் வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் ஒரு பெண்ணின் பங்கை மறந்திருப்பார்கள். மலையில், விற்கக் கட்டுப்பாடு போட்டு அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டா நிலமா என்பதைத் தாய்ப்பத்திரம் வரை போய்ப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது.

குடியிருக்க வாங்குகிறவருக்கு நான் சொல்வது டவுன் வீடுதான், ரோட்டு மட்டம் சரியாக இருந்தால். மலைதான் வேண்டும் என்பவர் கோடையில் போய் மயங்காமல், நல்ல மழைக்கு மறுநாள் போய்க் கீழ்த்தளப் பின்சுவரில் கை வைத்துப் பாருங்கள். அந்த ஒரு சுவருக்கு மட்டும் புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் விலையே கேட்கவேண்டாம்.