கண்டி வாவியோரம் வீடு தேடுகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் 210,000 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறினால் வெட்கம் வந்துவிடும், வெட்கம் வந்தால் பிறகு யாரிடமும் வாய் திறக்க மாட்டேன்.

போன சனிக்கிழமை காலை வரை நாங்கள் வெள்ளவத்தையை விட்டுக் கண்டிக்குக் குடிபோகிற குடும்பம். அன்று மத்தியானமே 210,000 ரூபாயைத் தொலைத்த குடும்பம் ஆகிவிட்டோம். கொழும்பு வாடகை தாங்காமல் கண்டிக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் ஊர் எப்படி, வீடு பார்ப்பது எப்படி, எங்கே ஏமாறுவீர்கள் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

எங்கள் கதை இதுதான். மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்தது. அதே மாதம் இங்கே வீட்டுக்காரர் வாடகையை 95,000இலிருந்து 130,000 ஆக்கினார். என் கணவருக்கு வேலை லெப்டொப்பில்தான், எங்கிருந்தும் செய்யலாம். மாமிக்கு முழங்கால் வருத்தம், எங்கள் லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. பேராதனை கண்டி டவுனிலிருந்து ஆறு கிலோமீற்றர்தான். அப்போ எல்லோருமாகவே போய்விட்டால் என்ன?

வாவியின் வடிவைப் பார்த்து மயங்கிப் போனோம் என்று நினைக்காதீர்கள். நான் கொப்பியில் இரண்டு பக்கமாகக் கோடு போட்டு எழுதினேன். நல்ல பக்கத்தில்: கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், இரவில் ஃபேன் இல்லாமலே படுக்கலாம். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, கட்டுக்கலைப் பிள்ளையார் இருக்கிறார், தமிழில் சாமான் வாங்கக் கடை இருக்கிறது. மற்றப் பக்கம்தான் நீளம். வாவி ஊரின் நட்ட நடுவில் கிடக்கிறது, வாகனம் எல்லாம் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நடந்து போகிறவர் பஸ்ஸை முந்துவார். சுற்றிவர மலை என்பதால் புகை வெளியேறாமல் பள்ளத்துக்குள்ளேயே நிற்கும். ‘மலைநாட்டுச் சுத்தக் காற்று’ என்பது வாவிக்கரையில் பாதிப் பொய். எசல பெரஹரா ஊர்வல நாட்களில் ரோடு மூடினால் மூடினதுதான். 2025 ஏப்ரலில் புத்தரின் புனிதப் பல்லைக் கும்பிடுகிற தலதா வழிபாட்டுக்கு வந்த சனத்தில் ஊரே மூச்சுத் திணறியதை டீவியில் பார்த்தோம். கொழும்புக்கு 115 கிலோமீற்றர். மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம - குருணாகல் துண்டு 2022இல் திறந்தும் கண்டி வரை இன்னும் வரவில்லை, ஆகவே கடுகண்ணாவ ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர வேண்டியதுதான்.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பயம் மண்சரிவு. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் படுத்திய பாட்டுக்குப் பிறகு சரிவில் நிற்கிற வீடு என்றாலே வயிறு கலங்குகிறது. அதனால் மண்ணைப் பார்த்தேன், மதிலைப் பார்த்தேன், வெடிப்பு இருக்கிறதா என்று பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். பார்க்காமல் விட்டது ஆளை.

வீடு கிடைத்தது, வாகனம், போன், நாய்க்குட்டி, காணி எல்லாம் ஒரே இடத்தில் விற்கிற விளம்பரத் தளம் ஒன்றில். பெயர் சொல்லப் போவதில்லை. வாவிக்கு மேலே ஏறுகிற ரோடு ஒன்றில் மேல்வீடு, மூன்று அறை, வெள்ளைக் கம்பி போட்ட பால்கனி, மாதம் 60,000. பேசிய ஆள் நல்ல தமிழ். வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அவனாகத்தான் சொன்னான். பார்க்காமல் காசு அனுப்பி ஏமாந்த கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். நாங்கள் அப்படி இல்லை, நேரில் போய்ப் பார்க்கிற கெட்டிக்காரர்!

ஞாயிற்றுக்கிழமை விடியவே புறக்கோட்டையில் 1ஆம் நம்பர் பஸ் பிடித்து மாமியையும் கூட்டிக்கொண்டு போனோம். ஆள் கேற்றடியில் நின்றான். முப்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் திருநீறு, கையில் திறப்புக் கொத்து. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். மாமியின் காலைப் பார்த்துவிட்டு, “அம்மா, மெதுவா வாங்க, பதினாலு படிதான், ஏழாவதுல கொஞ்சம் நின்னுக்கலாம்” என்று கையைக் கொடுத்தான். எங்கள் சொந்தத்தில் யாருக்காவது மாமியின் முழங்காலைப் பற்றி இந்தளவு யோசனை வந்திருக்குமா? அந்த இடத்திலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். படியை எண்ணி வைத்திருக்கிறான் என்றால் எத்தனை பேரை ஏற்றியிருப்பான் என்று இப்போதுதான் விளங்குகிறது.

பால்கனியில் நின்றால் கீழே வாவி. நடுவில் அந்தச் சின்னத் தீவு, கரையோரம் முகில் மாதிரி வளைந்து வளைந்து போகிற வெள்ளை மதில். “இது யார் வெட்டின குளம் தெரியுமா அண்ணே? நம்ம கண்ணுசாமி ராசா” என்றான் இவரிடம். உண்மைதான். வயலாகக் கிடந்த இடத்தை 1807இல் வாவி ஆக்கியது கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பட்டத்துக்கு வருமுன் அவன் கண்ணுசாமி. இவருக்குச் சரித்திரம் என்றால் பைத்தியம். இரண்டு பேரும் கதையிலேயே, ராசாவை வெள்ளைக்காரர் அடைத்த வேலூர்ச் சிறை வரைக்கும் போய்விட்டார்கள். (1815இல் கண்ணுசாமியையும் பக்கத்தில் நின்றவர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள், அதை மட்டும் அவன் சொல்லவில்லை.)

குசினியில் ஒரே மாதிரி நாலு கோப்பை, நாலு தட்டு. குளியலறையில் மடித்து அடுக்கிய வெள்ளைத் துவாய், தீப்பெட்டி அளவில் சோப்புகள். ஃபிரிட்ஜில் வைஃபை பாஸ்வேர்டை லெமினேட் பண்ணி ஒட்டியிருந்தது. யார் வீட்டில் வைஃபை பாஸ்வேர்டை லெமினேட் பண்ணுவார்கள்? நான் கேட்கவே செய்தேன். “ஓனர் அவுஸ்திரேலியாவுல அக்கா. அவங்க ஆட்கள் வந்து தங்கிட்டுப் போவாங்க” என்றான். சரி என்றேன்.

கைப்பையில் 10,000 வைத்திருந்தேன், டோக்கனாகக் கொடுக்க. நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “காசு அவசரம் இல்லக்கா. வீட்டுக்குப் போய் நல்லா கதைச்சிட்டுச் சொல்லுங்க. மனசுக்குப் பிடிச்சாத்தான்.” அந்தப் பத்தாயிரத்தை அவன் வாங்கியிருந்தால் அதோடு போயிருக்கும். வாங்காததால்தான் இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தைக் கொடுத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமி மூன்று தரம் சொன்னா, “நல்ல பிள்ளை, தாய் தகப்பன் நல்லா வளர்த்திருக்கினம்.”

திங்கள் இரவு எட்டரைக்குப் போன். ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவர் இப்போதே முழு அட்வான்ஸும் தரத் தயாராக நிற்கிறாராம், ஆனால் “எனக்கு அம்மாவோட முகம்தான் ஞாபகம் வருது” என்றான். மூன்று மாத அட்வான்ஸ் 180,000, புரோக்கர் காசு 30,000. கணக்கு வேறொரு பெண்ணின் பெயரில் இருந்தது. ஓனரின் தங்கச்சியாம். அடையாள அட்டைப் படம் வந்தது, முத்திரை ஒட்டிய ஒப்பந்தப் படம் வந்தது. இவர் “காலமை பார்ப்போமே” என்றார். நான்தான், “டொக்டருக்குப் போயிடும், அனுப்புங்கோ” என்றேன். இதை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். 8.52க்கு 210,000 ரூபாய் போனது. 8.53க்கு அவனிடமிருந்து கும்பிடுகிற கை ஒன்று வந்தது.

சனிக்கிழமை நானும் மகளும் கர்ட்டனுக்கு ஜன்னல் அளக்கப் போனோம். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேற்றைத் தட்டுகிறேன். மேலே பால்கனியில் ஒரு வெள்ளைக்காரச் சோடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஐயா வந்தார், சிங்களவர். நான் சொன்னதைப் பாதியில் நிறுத்தி, ஒரு பெருமூச்சு விட்டு, “நீங்கள் மூன்றாவது குடும்பம்” என்றார். அது நாள் வாடகைக்கு விடுகிற வீடு. அவன் இரண்டு இரவுக்கு ஒன்லைனில் புக் பண்ணித் திறப்பை வாங்கி, அந்த இரண்டு நாளில் வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டைக் காட்டியிருக்கிறான். இரண்டு இரவுக் காசைப் போட்டு எங்களிடம் மட்டும் 210,000. மகள் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நின்றாள், அந்தச் சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது. ஐயா பாவம், பிளாஸ்டிக் கதிரை போட்டுத் தண்ணீர் தந்தார். இந்த விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். அவன் போன் ஓஃப். விளம்பரத் தளத்துக்கு எழுதினால், “உங்கள் கருத்துக்கு நன்றி, பாதுகாப்பாகக் கொடுக்கல் வாங்கல் செய்யுங்கள்” என்று பதில். இரண்டாம் தரம் எழுதினேன், அதே நன்றி. மூன்றாம் தரம் படத்தோடு எழுதிய பிறகு விளம்பரத்தை எடுத்தார்கள். நேற்று அதே பால்கனி, வேறு பெயர், வேறு நம்பர், வாடகை 55,000! பேங்கில் ஒரு பிள்ளை கணினியைப் பார்த்துக்கொண்டே, “நீங்களே அனுப்பியிருக்கிறீங்க மெடம், அந்தப் பக்கம் சம்மதிச்சாத்தான் திருப்பலாம்” என்றா. திருடன் சம்மதிக்க வேண்டுமாம்! முதலில் போன பொலிஸில் வீடு இருக்கிற ஊருக்குப் போங்கள் என்றார்கள். அந்த ஊரில் காசு அனுப்பிய ஊருக்குப் போங்கள் என்றார்கள். ஒருவர் மட்டும் அன்பாக, “இது சிவில் விஷயம், விட்டுடுங்க” என்றார். அன்பாகச் சொன்னதுதான் கூட எரிந்தது.

சட்டத்தரணியாக இருக்கிற ஒன்றுவிட்ட தம்பி அதைக் கேட்டுக் கத்தினான். சிவிலாவது மண்ணாங்கட்டியாவது, தண்டனைச் சட்டக்கோவை 398ஆம் பிரிவே ஏமாற்றுதல்தான், முறைப்பாட்டை எழுதாமல் எழும்ப வேண்டாம் என்றான். பிறகு என்னையும் ஏசினான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் செல்லுமாம், 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளுக்குப் பெறுமதி முத்திரைக் காசுதான். இருபது வருடமாகக் கொழும்பில் வாடகைக்கு இருக்கிறேன், ஒரு வீட்டுக்காரரும் நொத்தாரிசிடம் கூட்டிப் போனதில்லை, நானும் கேட்டதில்லை.

கண்டி நல்ல ஊரா, போகலாமா என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு மனம் இல்லை. மகள் ஹொஸ்டலில், நாங்கள் 130,000க்கு இங்கேயே. போகிறவர்களுக்கு அவசரமாகச் சிலது மட்டும். வீட்டைக் காட்டுகிறவன் திறப்பு வைத்திருப்பதை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டு மணியை அடித்து இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், எங்களுக்கு அந்த ஒரு நிமிடம் போதுமாக இருந்திருக்கும். வீட்டின் படத்தை ஒன்லைனில் தேடிப் பாருங்கள், நாள் வாடகைத் தளங்களில் அது கிடக்கலாம். கரண்ட் பில்லில் இருக்கிற பெயரும் பேங்க் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் எழும்பி வாருங்கள். சின்னச் சோப்பைக் கண்டால் ஓடுங்கள். சரிவில் வீடு என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், இது வேறு விஷயம், ஆனாலும் பாருங்கள். இரவில் காசு அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே பேங்குக்குப் போன் பண்ணுங்கள், இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 நம்பருக்கும் சொல்லுங்கள். நாங்கள் ஐந்து நாள் கழித்துத்தான் ஏமாந்ததையே அறிந்தோம்.

இன்னும் இருக்கிறது. ஆனால் மணி ஒன்றரை, பேங்க் மூன்றுக்குப் பூட்டிவிடும். இன்றைக்கு மனேஜரையே பார்க்காமல் வருவதில்லை என்று இவரும் கிளம்பி வாசலில் நிற்கிறார்.