தெருவிழா பெர்மிட் எடுத்துத் தாறோம்னு 28,000 ரூபாய் போச்சு, கவனம்

கூடாரம், சவுண்ட், லைட் வாடகைக்கு விடுற கடை ஒன்னு, கொட்டகலைப் பக்கம். பொங்கல் தெருவிழாவுக்கு ரோட்டு பெர்மிட், ஸ்பீக்கர் பெர்மிட் ரெண்டையும் எடுத்துத் தாறோம்னு எங்க கமிட்டிகிட்ட 28,000 ரூபாய் வாங்கினாங்க. வாடகை வேற, பெர்மிட்டுக்கு மட்டும் 28,000! விழா அன்னிக்கு பொலிஸ் வந்து ஸ்பீக்கரை நிப்பாட்டச் சொன்னாங்க. விசாரிச்சா எங்க பேர்ல எங்கயும் ஒரு விண்ணப்பம்கூடப் போகல.

நம்ப வச்சது ஒரு தடிச்ச ஃபைல். மத்த விழாக்களுக்கு எடுத்த பெர்மிட்னு ஒவ்வொன்னா புரட்டிக் காட்டினான். "நீங்க பொங்கல மட்டும் பாருங்க அண்ணே, மிச்சம் நம்ம பொறுப்பு." காசு போனதும் வாட்ஸ்அப்பில ஒரு போட்டோ வந்துச்சு. கடித இலக்கம் இல்ல. தலைப்பில நுவரெலியா பிரதேச சபை. கொட்டகலைக்குத் தனிச் சபை வந்து எத்தனை வருஷம்! ரோட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே கடிதம் வேற. ஸ்பீக்கர் பெர்மிட் குடுக்கிறது பொலிஸ், சபை இல்ல.

திருப்பிக் கேட்டா முதல்ல "முதலாளி கொழும்புல". அப்புறம் "காசு மேல குடுத்தாச்சு". அப்புறம் "மழை பெஞ்சிருந்தா யார்கிட்ட கேப்பீங்க?" இப்ப போனே எடுக்கிறதில்ல. வீடு வீடா சேர்த்த 28,000 ரூபாய், கொழுந்து பறிக்கிறவங்க காசு.

அவசரமா சில விஷயம். முதல்ல ரோடு யாருடையதுன்னு பாருங்க. சபை ரோடுன்னா சபைச் செயலாளருக்கு நீங்களே கடிதம் குடுங்க: எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, திகதி, நேரம், வாகனம் சுத்திப் போற வழி, பொறுப்பானவரோட அடையாள அட்டை இலக்கம். ஆம்புலன்ஸ் போக ஒரு பக்கம் விடுறதையும் எழுதுங்க. லயத்து ரோடுன்னா (தோட்டக் குடியிருப்புக்குள்ள போற ரோடு) தோட்ட நிர்வாகத்தோட கடிதம் வேணும். ஏ7, அதாவது அவிசாவளை-ஹட்டன்-நுவரெலியா மெயின் ரோடு, வீதி அபிவிருத்தி அதிகார சபையோடது, அதை மூடித் தாறேன்னு எந்தக் கடைக்காரன் சொன்னாலும் நம்பாதீங்க.

ஸ்பீக்கருக்கு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிகிட்ட தனியா விண்ணப்பிக்கணும். இரவு 10லிருந்து காலை 6 வரை ஸ்பீக்கர் போட உயர் நீதிமன்றம் 2007ல தடை போட்டது. விடிய விடிய பாட்டுன்னு ஆசை காட்டினா எழும்பி வந்துடுங்க.

காசு சபை கவுண்டர்லயே கட்டி ரசீது வாங்குங்க. போட்டோவ பெர்மிட்னு எடுக்காதீங்க. ஏமாந்தவங்க பொலிஸ்ல முறைப்பாடு போடுங்க, நுகர்வோர் அதிகார சபைக்கு 1977ங்கிற நம்பருக்கு போன் பண்ணுங்க.