கால் வீங்கினால் கழிவு இறங்குகிறதாம்: 38,500 ரூபாய்க்குக் கிடைத்த வைத்தியம்

நேற்றுதான் அப்பச்சியை, அதாவது என் அப்பாவை, மதுரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 38,500 ரூபாய். மூலிகை மருந்து விற்கும் ஓர் ஆன்லைன் கடைக்கு நானே என் கையால் அனுப்பிய பணம்.

சித்திரையில் அப்பச்சிக்கு மூச்சு வாங்கியது. காரைக்குடியில் ரத்தம் பார்த்தால் ஈஸ்னோபில் என்ற வகை வெள்ளணுக்களின் எண்ணிக்கை 9,400. அது 500-க்குள் இருக்க வேண்டியது. நம் பக்கத்தில் ஈஸ்னோபீலியா, அதாவது அந்த அணு கூடிவிட்டது என்றால் தும்மல், தூசி என்று விட்டுவிடுவோம். யானைக்கால் புழு, குடற்புழு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு மதுரை மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: ஹைபர் ஈஸ்னோபிலிக் சிண்ட்ரோம். எண்ணிக்கை 1,500-க்கு மேலேயே நின்று உறுப்புகளைக் கெடுக்கும் அரிய நோய். அந்த வெள்ளணுக்கள் கக்கும் புரதங்கள் இதயத்தின் உள்சுவரையும் ரத்தக் குழாயின் உட்புறத்தையும் புண்ணாக்கும்; புண்ணான இடத்தில் ரத்தம் உறையும். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறை நுனியில் உறைகட்டி ஒன்று தெரிந்தது. ஸ்டீராய்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் எழுதிக் கொடுத்தார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும், சோதனையைத் தவறவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஸ்டீராய்டில் அப்பச்சியின் முகம் உப்பியது, தூக்கம் போனது. அந்தச் சலிப்பான நேரத்தில்தான் கைபேசியில் அந்த விளம்பரம் வந்து தொலைத்தது. 'ரத்தச் சுத்தி, ஒரு மண்டலம்.' டாக்டர் என்று ஒருவர் பேசினார். ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னார். பிறகு, "பெரியவரிடம் கொடுங்கள்" என்றார். இருபது நிமிடம் பேசினார். பத்தியம், பேரன் பேத்தி, பர்மாவுக்குத் தொழில் செய்யப் போன ஐயா (தாத்தா) கதை வரை கேட்டுக்கொண்டார். ஒரு மாதமாகச் சிரிக்காத அப்பச்சி அன்று சிரித்தார். நான் விழுந்தது அந்தச் சிரிப்பில்தான். மருந்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

"ஆங்கில மருந்து உடம்பில் இருக்கும் வரை எங்கள் மருந்து இறங்காது, அண்ணா. இரண்டையும் நிறுத்திவிடுங்கள்" என்றார். நிறுத்தினோம்.

பதினோராம் நாள் அப்பச்சி வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஆத்தங்குடிக் கல் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடது கால் மட்டும் பளபளவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், பள்ளம் மேலே வரவே இல்லை. கடைக்குப் போன் செய்தேன். "கழிவு கீழே இறங்குகிறது, நல்ல அறிகுறி" என்றார்கள். மறுநாள், "டாக்டர் முகாமில் இருக்கிறார்." அதற்கடுத்த நாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மதுரையில் மருத்துவர் அளவு நாடாவை எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றினார். வலது 36 சென்டிமீட்டர், இடது 41. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தொடை வரை ஆழ்நாளத்தில் ரத்த உறைவு. அது நுரையீரலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொன்னார். என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

பணத்தைக் கேட்டேன். "திறந்த பாட்டிலைத் திரும்பப் பெறுவதில்லை." பாட்டில்கள் ஆறு, திறந்தது ஒன்றுதானே என்றேன். "பத்தியம் தவறியிருப்பீர்கள்" என்று பதில் வந்தது. அதோடு என் எண்ணை முடக்கிவிட்டார்கள். 38,500 ரூபாய்! மருத்துவமனைச் செலவு இதில் சேராது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஸ்டீராய்டையும் வார்ஃபரினையும் எழுதிய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஒற்றைக் கால் வீங்கினால் அன்றைக்கே ஓடுங்கள். முன்பணம் கேட்பவனிடம் மருத்துவப் பதிவு எண்ணைக் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்துவிட்டேன். ஐஎன்ஆருக்கு ரத்தம் எடுக்க ஆள் வந்துவிட்டார், போகிறேன்.