அறுபதுக்குப் பிறகு முதல் தூரக் கோச்சி: பதுளைப் பக்கமா, கொழும்பா, யாழ்ப்பாணமா?

மலையகத்தில் கோச்சிச் (ரயில்) சத்தம் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. அதில் ஏறித் தூரம் போன தோட்டத்துப் பெண்கள் அதைவிடக் குறைவு. பிரட்டு (காலையில் வேலை பிரிக்கும் இடம்), மலை, லயம் (தோட்டத்து வரிசை வீடு) என்றே வேலைக்காலம் ஓடிவிடும். ஈ.பி.எப். (சேமலாப நிதி) காசு கைக்கு வந்து, பிள்ளைகள் வெளியூரில் காலூன்றிய பிறகுதான் "ஒருக்கா கோச்சியில போகணும்" என்ற பேச்சே வீட்டில் எழும். அப்போது எங்கே போவது, எந்தக் கோச்சியில் போவது என்று இளையவர்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் அவர்கள் வயதுக்குத்தான் பொருந்துகிறது. ஹட்டனில் ஏறுகிற ஒருவரை மனதில் வைத்து மூன்று வழிகளையும் இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பதுளைப் பக்கம். சுமார் 120 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம் அளவில் போய்விடலாம். ஏறிய கையோடு சிங்கமலைச் சுரங்கம், பிறகு கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா. பட்டிப்பொலயில் பாதை கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரத்தைத் தொடுகிறது. இலங்கையில் அதைவிட உயரத்தில் வேறு டேசன் இல்லை. அதற்கு அப்பாலுள்ள சுரங்கத்துக்குள் பனிமூட்டத்தோடு நுழைந்த கோச்சி, ஒஹிய பக்கம் வெயிலில் வெளியே வருவதும் உண்டு. அங்கிருந்து ஊவா, அதன் மழைக்காலம் வேறு. எல்லயைத் தாண்டினால் 1921 இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரையில் ஒரு சுற்றுச் சுற்றி டேசனுக்கு அடியிலேயே நுழையும் பாதை. அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வயது முழுக்கக் கொழுந்து பறித்தவருக்கு இந்த அழகு எவ்வளவு புதுசு? இந்த யோசனையைச் சொன்னபோது எங்கள் பெரியம்மா கேட்டார்: "கொழுந்து மலைய காசு குடுத்தா பாக்கணும்? கடலக் காட்டு தம்பி." அவர் சொன்னதுதான் நியாயம். தேயிலைச் சரிவைக் காணாதவர்களுக்குத்தான் அது காட்சி. அதனால்தான் எல்ல வரையான சீட்டுகள் பதிவு திறந்ததும் சுற்றுலாக்காரர்களுக்குப் போய்விடுகின்றன. பதிவு இல்லாத பெட்டியில் கதவடி முழுக்கப் படம் எடுப்பவர்கள் நிற்பார்கள். கால் வலியோடு கழிவறைக்குப் போகிறவர் அவர்களை விலக்கிக்கொண்டு போக வேண்டும். இந்தப் பக்கத்தை நான் யாருக்குச் சொல்வேன் என்றால், நீண்ட நேரம் உட்கார முடியாதவர்களுக்கு. பண்டாரவளையில் சொந்தக்காரர் இருந்தால் அங்கேயே இறங்கி, இரண்டு நாள் தங்கித் திரும்பலாம். உடம்பு தாங்குகிறதா என்று பார்க்க நல்ல ஒத்திகை.

கொழும்புதான் முதல் தூரப் பயணத்துக்குச் சரியான இடம் என்பது என் முடிவு. தூரம் சுமார் 170 கிலோமீற்றர், நேரம் ஐந்து முதல் ஆறு மணித்தியாலம். நாவலப்பிட்டி வரை இறக்கம், கம்பளை, பேராதனை, கடுகண்ணாவ மலைச்சரிவு, பிறகு றம்புக்கனையில் தரை தட்டையாகிவிடும். ஹட்டனில் போட்ட ஸ்வெட்டரைப் பொல்கஹவெலயில் கழற்ற வேண்டியிருக்கும். தென்னந்தோப்பும் வயலும் வெக்கையுமாக, வேறு நாட்டுக்கு வந்த மாதிரிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

கொழும்புக் கோட்டை டேசனில் இறங்கியதும் பயணம் முடிந்ததாக நினைக்க வேண்டாம். அதே டேசனில் கரையோரப் பாதைக் கோச்சி பிடித்து வெள்ளவத்தைக்குப் போங்கள். கொள்ளுப்பிட்டியிலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே கடல் வரும். அலை பெரிதாக இருக்கும் நாளில் ஜன்னலில் கை வைத்தால் உப்பு ஒட்டும். வெள்ளவத்தையில் தமிழ்க் கடைகள், தங்குமிடங்கள், கோயில்கள் எல்லாம் நடை தூரத்தில் இருப்பதால் பாஷைப் பயமும் இல்லை. ஒன்று, இந்தப் பாதைக் கோச்சிகளில் அலுவலக நேரத்தில் கால் வைக்க இடம் இராது. மத்தியானம் போவது நல்லது.

பகலா, இரவா என்றால் யோசிக்கவே வேண்டாம், பகல். இரவுத் தபால் கோச்சிக்குச் சீட்டு எளிதில் கிடைக்கும், ஒரு நாள் மிச்சம் என்பார்கள். ஆனால் பதுளையிலிருந்து வரும் அந்தக் கோச்சி ஹட்டனைத் தொடும்போது நடுச்சாமத்துக்குக் கிட்ட ஆகிவிடும். தோட்டத்திலிருந்து அந்த நேரத்தில் டேசனுக்கு வர திரீவீலருக்குக் கொடுக்கும் காசு, குளிரில் காத்திருப்பது, தூக்கம் கெட்டு விடியற்காலையில் கோட்டையில் இறங்குவது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களுக்கு மருந்து நேரமும் தவறும். வெளிச்சத்தில் ஏறி வெளிச்சத்தில் இறங்க வேண்டும். முதல் முறை போகிறவருக்கு வகுப்பைவிட இது முக்கியம்.

பகல் கோச்சியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சில கண்டிக்குள் போகாமல் பேராதனையோடு நேராக இறங்கிவிடும். சில கண்டிக்குள் போய், எஞ்சினை மறுமுனையில் மாட்டிக்கொண்டு வந்த பாதையிலேயே பேராதனைக்குத் திரும்பும். அப்போது அதுவரை முன்னால் பார்த்து வந்தவர் பின்பக்கமாகப் போவார். விஷயம் தெரியாத வயசாளிகள் "கோச்சி திரும்ப ஊருக்குப் போகுதே" என்று பதறி எழுந்ததைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அல்லது நேர்க் கோச்சியாகப் பாருங்கள்.

வகுப்பில் இரண்டாம் வகுப்பு, பதிவு செய்த சீட். குளிரூட்டிய முதல் வகுப்பில் சீட் நல்லது, ஆனால் ஜன்னல் திறக்காது. காற்றில்லாமல் குமட்டல் வருகிறவர்களுக்கு அது தண்டனை, வடைக்காரரைக் கூப்பிடவும் முடியாது. மூன்றாம் வகுப்பு பதிவு செய்தால் மோசமில்லை, சீட் கொஞ்சம் நெருக்கம், அவ்வளவுதான். பதிவில்லாத பெட்டியை மட்டும் இந்த வயதில் தவிருங்கள். அதில் காசு மிச்சமாகும், ஆனால் நாவலப்பிட்டி வரை நின்றே போக நேரலாம்.

ஏறுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலைநாட்டுச் சின்ன டேசன்கள் பலவற்றில் பிளாட்போம் தாழ்வு. கோச்சிப் படி முழங்காலுக்கு மேல் நிற்கும். இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து, நல்ல காலை முதலில் மேலே வைத்து, பின்னால் ஒருவர் இடுப்பில் கை கொடுத்தால்தான் ஏற முடியும். சேலையை ஒரு சாண் உயர்த்திச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். பையைக் கையில் கொடுக்காதீர்கள், மற்றவர் எடுத்து வரட்டும். ரொசல்லை, வட்டவளை போன்ற இடங்களில் இருப்பவர்களும் ஹட்டனுக்கு வந்து ஏறுவது இதனால்தான் நல்லது. அங்கே கோச்சி கொஞ்ச நேரம் நிற்கும்.

பஸ்ஸோடு ஒப்பிட்டால், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக அது நேரத்தில் முந்தும், அடிக்கடி உண்டு. வளைவும் வாந்தியும், கழிவறை இல்லாமல் அடக்கிக்கொண்டு இருப்பதும் அதன் விலை. சலம் அடிக்கடி போகும் வயதில் கோச்சியின் பெரிய வசதி அந்தக் கழிவறைதான். ஆட்டம் இருக்கும், தரை ஈரமாக இருக்கும், ஆகவே டேசனில் நிற்கும்போதே போகச் சொல்வது நல்லது. மலைப்பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிர்க்கோச்சி வரும்வரை காத்திருந்து, டேசன் மாஸ்டரிடம் வளையத்தில் மாட்டிய டப்லெட் (அடுத்த பகுதிக்குள் போக அனுமதி வில்லை) வாங்கினால்தான் டிரைவர் அடுத்த பகுதிக்கு எடுப்பார். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். ஒரு வேளைச் சோறும் மருந்தும் அதிகமாகக் கையில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணம் வேறு கணக்கு. நேராகப் போக வேண்டும் என்றால் கண்டியிலிருந்து ஏ9 வீதியில் பஸ் உண்டு, 321 கிலோமீற்றர். கோச்சியில் என்றால் பொல்கஹவெலயில் வடக்குப் பாதைக்கு மாற வேண்டும், அல்லது கொழும்பு வரை போய்த் தங்கிக் காலையில் ஏற வேண்டும். பொல்கஹவெலயில் மூட்டையோடு பிளாட்போம் மாறி, கோச்சிக்குக் காத்திருந்து, நிரம்பி வரும் பெட்டியில் ஏறுவதை முதல் முறை போகிறவருக்கு நான் சொல்லமாட்டேன். கொழும்பில் இரண்டு இரவு தங்கிக் கோட்டையில் ஏறுங்கள். 400 கிலோமீற்றர் அளவு, ஏழு மணித்தியாலம் பிடிக்கும். தட்டைப் பாதை என்பதால் ஆட்டமும் குறைவு.

இந்தப் பயணத்துக்கு அழகைத் தாண்டிய காரணம் பல குடும்பங்களில் இருக்கிறது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் அங்கே இருக்கிறார்கள். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணக் கோச்சி 2014 அக்டோபரில்தான் திரும்ப ஓடியது. இப்போது கிளிநொச்சி டேசனில் இறங்கி நேரே வீட்டுக்குப் போகலாம். இந்த வயதுக்காரர்களுக்குத் தூரக் கோச்சி என்றாலே இன்னொரு ஞாபகமும் வரும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன கோச்சியை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றது. சின்ன வயதில் டேசனில் நின்று அதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை முதல் தடவையாகத் தூரம் கூட்டிப்போகும்போது, பிரிந்த ஒருவரைப் பார்க்கவே கூட்டிப்போவது என் ஆசை. உடம்பு இடம் கொடுத்தால் கொழும்பு, பிறகு கிளிநொச்சி என்ற வரிசையில் போங்கள்.

நாள் குறிக்கும்போது போயாவையும் (பௌர்ணமி விடுமுறை) வார இறுதியையும் தவிருங்கள். டிசம்பர் போயா முதல் வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை சீசன், ஹட்டன் டேசன் நிரம்பி வழியும். யாழ்ப்பாணக் கோச்சியில் நல்லூர்த் திருவிழா நாட்களில் சீட் கிடைப்பது கஷ்டம். மழைக்காலத்தில் மண்சரிவால் மலைப்பாதை அடைபடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பாதை பல இடங்களில் சேதமானது. ஆகவே சீட்டுப் போடுமுன் எந்த எந்தக் கோச்சி ஓடுகிறது, எது வரை ஓடுகிறது என்று டேசனில் கேளுங்கள். பயணத்துக்கு 30 நாளுக்கு முன்பிருந்து பதிவு செய்யலாம், அடையாள அட்டை இலக்கம் வேண்டும். கழிவறைக் கதவுக்கு மூன்று நான்கு வரிசை தள்ளி, ஜன்னல் ஓரம் ஒரு சீட்டும் பக்கத்தில் துணைக்கு ஒரு சீட்டும் கேட்டு வாங்குங்கள். திரும்பி வரும் டிக்கட்டையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.