மணல்மேட்டின் மேலா, பின்னாலா?

கன்னியாகுமரி மாவட்டத்துச் சொத்தவிளைக் கடற்கரைப் பக்கம் விடுமுறைக்குத் தங்க ஒரு வீடு கட்ட நினைத்தால் இரண்டு வழி. மணல்மேட்டை ஜேசிபி விட்டு நிரத்தி, கடலைப் பார்த்தபடி காங்கிரீட் வீடு கட்டலாம். இல்லையென்றால் மேட்டை அப்படியே விட்டு, அதன் பின்னால் தென்னைகளுக்கு நடுவே ஓட்டு வீடு கட்டலாம்.

காட்சிக்கு முதலாவதுதான். கட்டிலில் படுத்தபடியே கடல் தெரியும். ஆனால் அந்த மேட்டைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அடும்பங்கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்திருக்கும். பக்கத்திலேயே இராவணன் மீசைப் புல், காலில் ஊசியாய்க் குத்தும். காற்றில் வரும் மணலை இவை நிறுத்துவதால்தான் மேடே வளர்கிறது. கொடியைப் பிடுங்கினால் மணல் உங்கள் வாசலுக்கு வரும். கடல் ஏறினால் முதல் தடுப்பும் மேடுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த குளச்சல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

உப்புக்காற்றில் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பெருத்து, சிமெண்டைப் பெயர்த்துவிடும். ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றினால் சரி. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் சரிந்த கூரைதான் நல்லது. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தாலே தெரியும். மரச்சட்டத்தில் கரையான் வராமல் பார்க்க வேண்டும், அந்த வேலை உண்டு.

அப்புறம் வெளிவிளக்கு. பங்குனியில் முட்டையிலிருந்து வெளிவரும் கடலாமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து வழி தவறும். மேடு இருந்தால் வீட்டு வெளிச்சத்தை அதுவே மறைத்துவிடும்.

நான் பின்னால்தான் கட்டச் சொல்வேன். கொடி மிதிபடாமல் மேட்டின்மேல் மரப்பலகையில் ஒரு நடைபாதை போடுங்கள். நாலு எட்டு வைத்தால் கடல்.